மாலை போடாத படம்

திருப்பூருக்கு நான் போனதற்கு ஊரறியச் சொன்ன காரணம் இருநூறு பனியன். ஈப்போவில் எங்கள் வட்டாரத் தமிழர் விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் நான். உள்ளூர்க் கடையிலேயே சட்டை எடுத்தால் என்ன என்று பொருளாளர் கேட்டதற்கு, திருப்பூர்த் துணி மாதிரி வராது என்று மேசையைத் தட்டிப் பேசினேன். அஞ்சல் அலுவலகத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவனுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. உண்மைக் காரணம் என் கைப்பையில், இரண்டு துண்டுகளில் சுற்றி, கண்ணாடிச் சட்டத்தோடு இருந்தது.

விமான நிலையத்தில் அதிகாரி துண்டைப் பிரிக்கச் சொன்னார். "சாமி படமா?" என்றார். "இல்லை, அம்மா படம்." கண்ணாடியின் மேல் வைத்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். இறந்தவர்களோடு வம்பு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, சீக்கிரமாக மூடச் சொல்லிவிட்டார்.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டுடியோப் படம், மேலே கையால் வண்ணம் தீட்டியது. இடப்பக்கம் கோட்டுப் போட்டு அப்பா நிற்கிறார். பக்கத்தில் நாற்காலியில் அம்மா. இடது தாடையில் மிளகு போல் ஒரு மச்சம். மடியில் நான், அம்மாவின் கட்டைவிரலை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைப் பற்றி அப்பா சொன்னது மொத்தம் இரண்டு வாக்கியம். பெயர் செல்லாத்தா. என்னைப் பெற்ற பதினாறாம் நாள் போய்விட்டாள். ஊர் எது என்றால், "காங்கேயம் பக்கம்" என்பதோடு சரி. அப்பா மறுமணம் செய்துகொள்ளவில்லை. என்னை ஊருக்கு ஒருமுறைகூடக் கூட்டிப் போகவும் இல்லை.

அந்தப் படத்துக்கு அப்பா மாலை போட்டதே கிடையாது. எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வரிசையாக இருந்த எல்லா வீட்டிலும் இறந்தவர்கள் படத்துக்கு மாலையும் பொட்டும் சின்ன சிவப்பு விளக்கும் இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா வெறும் நெற்றியோடு இருந்தாள். பன்னிரண்டு வயதில், பக்கத்து வீட்டு மல்லிகையைத் தொடுத்து வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, நானே போட்டேன். வேலை முடிந்து வந்த அப்பா கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவர் என்னை அடித்தது அந்த ஒரே முறைதான். கல் நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கு முடிவு செய்தேன், கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் இறந்ததும் அவர் படத்தைப் பக்கத்தில் மாட்டி, இருவருக்கும் சந்தன மாலை போட்டு, பொட்டும் வைத்தேன். ஒரு பழைய அநியாயத்தைச் சரிசெய்துவிட்ட திருப்தி எனக்கு.

அந்தத் திருப்தியைக் கெடுத்தது என் மனைவி. எங்கள் பேத்தி ஏழாம் மாதத்தில் முதன்முதலாக உட்கார்ந்தாள். அதை ரசித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். "ஏங்க, பதினாறு நாள் குழந்தை மடியில உட்காருமா?" என்றாள்.

ஐம்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்தப் படத்தின் அடியில் சோறு தின்றிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை. படத்தில் இருக்கும் எனக்கு ஒன்றரை வயதுக்குக் குறையாது. அப்படியானால் இரண்டில் ஒன்று. அந்தப் பெண் என் அம்மா இல்லை. அல்லது அம்மா பதினாறாம் நாள் சாகவில்லை, உயிரோடு இருந்தவளிடமிருந்து என்னைப் பிடுங்கிக்கொண்டு அப்பா கப்பல் ஏறிவிட்டார். அவர் மாலை போட விடாததை நினைத்தபோது, இரண்டாவதுதான் பொருந்தியது. அதன் பிறகு எனக்கு அந்தக் கூடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை.

முதல் நாள் திருப்பூரில் காதுக்குத்தான் வேலை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் தையல் மெஷின் சத்தம் வருகிறது. டிவிஎஸ் வண்டிகள் ஆளைவிட உயரமான துணி மூட்டைகளோடு ஓடுகின்றன. மூட்டைக்குப் பின்னால் ஓட்டுகிற ஆள் இருப்பதை நம்பித்தான் ஒதுங்கவேண்டும். நொய்யல் பாலத்தில் ஆட்டோ நின்றபோது எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் போனது. "இன்னைக்கு இந்தக் கலருங்க, நாளைக்கு வேற வருங்க," என்றார் ஆட்டோக்காரர். பெருமையா வருத்தமா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் கிந்தா ஆறும் ஈயச் சுரங்கக் காலத்தில் பால் மாதிரி வெளுத்துத்தான் ஓடியது. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

லாட்ஜுக்கு எதிரே ஒரு சந்து, சந்து முனையில் டீக்கடை. எங்கள் ஊரில் பெரிய கோப்பையில் ஆற்றித் தரும் தே தாரிக் டீ குடித்துப் பழகிய வாய்க்கு இந்த ஊர் டீ தம்ளர் மருந்து அளவுதான். இரண்டாகச் சொன்னேன். பக்கத்தில் ஒரு வடநாட்டுத் தொழிலாளி செல்போனில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கடைக்காரரைக் கேட்டேன். "அவங்கம்மாகிட்டப் பேசறானுங்க. சாப்பிட்டேன், வயிறு நெறையச் சாப்பிட்டேங்கறான். இன்னும் சாப்பிடலீங்க, டீ மட்டுந்தான் ஆச்சு," என்றார். அந்த ஆள் போனை வைத்த பிறகு இரண்டு பன் வாங்கித் தின்றார். அம்மாவிடம் பொய் சொல்லக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

காதர்பேட்டையில் பனியன் வாங்கினேன். கடைக்காரர் இளைஞர், தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிக்கிறார். "ரவுண்டு நெக்குங்களா, காலருங்களா? எக்ஸ்போர்ட் பீஸுங்க, ஸ்டிச்சிங்ல கம்ப்ளெயிண்டே வராதுங்க." மன்றத்து ஆட்களின் வயிற்றைக் கையால் காட்டினேன். அளவு புரிந்து, சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கொங்கு நாட்டு மரியாதையை அங்கே கண்டேன்.

இரண்டாம் நாள் தாராபுரம். படத்தின் கீழ் மூலையில் அந்த ஊர் ஸ்டுடியோ முத்திரை இருந்தது. ஸ்டுடியோ இன்னும் இருந்ததுதான் ஆச்சரியம். ஆனால் உள்ளே இப்போது பூப்பு நன்னீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய போட்டோக்காரரின் மகன்தான் உரிமையாளர். அறுபதை நெருங்கியவர், நெற்றி நிறையத் திருநீறு. படத்தை வாங்கியவர் முதலில் பார்த்தது ஆட்களை அல்ல, ஓரங்களை.

"அப்பா வேலைதானுங்க," என்றார். பின் அட்டையைப் பிரிக்கலாமா என்று கேட்டு, பிளேடால் பக்குவமாக எடுத்தார். படத்தைச் சட்டத்திலிருந்து உருவி ஜன்னல் பக்கம் சாய்த்தார். "இங்க பாருங்க, உங்கப்பாவைச் சுத்தி ஒரு வெட்டுக் கோடு தெரியுது. அவரு தனியா நின்ன படம். கத்தரிச்சு ஒட்டி, மறுக்காப் படம் புடிச்சு, மேல கலர் குடுத்திருக்குது. அம்மாவும் புள்ளையும் ஒண்ணா உக்காந்த படம்."

"அப்படி என்றால் அவர்கள் சேர்ந்து நிற்கவில்லையா?"

"இந்தப் படத்துக்கு நிக்கலீங்க." பூதக்கண்ணாடியை எடுத்து அம்மாவின் முகத்துக்கு வந்தார். "இந்த மச்சமும் பிரஷ்ஷுல வெச்சதுங்க. எதுக்கு வெச்சாருன்னு எங்கப்பாவைத்தான் கேக்கோணும். அவரு போயி இருபது வருசமாச்சு."

அட்டையின் உள்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. படம் தயாரானதும் யாரிடம் சேர்க்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் இப்படிக் குறித்து வைப்பார்களாம். 'ஊஞ்சவலசு, மயிலாத்தா.' செல்லாத்தா இல்லை. ஊர் காங்கேயம் பக்கம்தான் என்றார். கண்ணாடி இல்லாமல் படத்தை ஸ்கேன் செய்து, கையில் எடுத்துப் போக ஒரு நகலும் போட்டுக் கொடுத்தார். ஒரிஜினலைத் திரும்பச் சட்டத்தில் ஏற்றி, சுற்றியும் தந்தார்.

அமராவதிக் கரையில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் என்ன விழுந்தது என்று நினைவில்லை. அம்மாவின் பெயரையே மாற்றிச் சொல்லியிருப்பாரோ அப்பா என்ற ஒரே யோசனைதான். பெயரை மாற்றினவர் வேறு எதைத்தான் மாற்றமாட்டார்.

மூன்றாம் நாள் காங்கேயத்தில் பஸ் மாறும்போது ஒரு தப்புச் செய்தேன். வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஊஞ்சவலசு என்று சீட்டுக் கேட்டேன். நடத்துநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது பாயிண்ட் டு பாயிண்டுங்க சார், நடுவுல எங்கீமே நிக்காது." அதற்குள் காங்கேயம் பின்னால் போய்விட்டது. ஊஞ்சவலசு என்று எழுதிய மஞ்சள் பலகை ஜன்னலோரம் வந்து, என்னைக் கடந்து போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். நல்லவேளையாகச் சாலையில் காங்கேயம் காளைகள் ஒரு கூட்டமாகக் குறுக்கே வந்தன. ஓட்டுநர் பிரேக் போட, நடத்துநர் "டக்குன்னு எறங்கிக்குங்க," என்று கதவைத் திறந்துவிட்டார். எங்கள் ஊரில் பஸ்ஸை நிறுத்துவதற்குப் பொத்தான் உண்டு. இங்கே மாடு உண்டு.

வெயிலில் திரும்பி நடந்தேன். ஈப்போவில் நாள் தவறினாலும் மழை தவறாது. இங்கே கிளுவை வேலிகூடத் தாகத்தில் நின்றது. பின்னால் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்த ஒருவர் நிறுத்தி, "எங்கீங்க போகோணும்?" என்றார். பெயர் நாச்சிமுத்து, தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருக்கிறார், அறுபது வயது இருக்கும். அவர் ஊரே ஊஞ்சவலசுதான். களத்தில் இறக்கிவிட்டு, கேட்காமலே இளநீர் வெட்டித் தந்தார். நகலை எடுத்துக் காட்டினேன்.

"அட, இது எங்க பெரியம்மா பொண்ணு மயிலாத்தா அக்காளுங்க," என்றார். "வயசுல எடுத்ததாட்ட இருக்குது. மச்சந்தான் புதுசா இருக்குது."

"அவர் எப்போது இறந்தார்?"

"ஏனுங்க அப்பிடிக் கேக்கறீங்க? போன கோயில் நோம்பிக்குக்கூட வந்துட்டுப் போனாங்க. காடு தோட்டத்தை வித்த பொறவு திருப்பூர்ல மக ஊட்டுல இருக்கறாங்க."

இளநீரைக் கீழே வைத்தேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"ஒரே பொண்ணுங்க, தங்கமணி. அதுக்கு முன்னால ஒரு பையன் இருந்தான்னு எங்கம்மா சொல்லுவாங்க. கப்பல்ல கொண்டுட்டுப் போயிட்டாங்கன்னு. நெறைய நாளு அக்கா சோறு தண்ணி இல்லாமக் கெடந்துச்சாம். அது என்ன கதைன்னு எனக்குத் தெரியாதுங்க." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க ஆருங்க?"

விலாசம் மட்டும் கேட்டேன். அவர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். திரும்பும் வழி முழுக்க, செத்துப்போன அப்பாவோடு மனதுக்குள் சண்டை போட்டேன். என் அம்மா உயிரோடு இருக்கிறாள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக இருந்திருக்கிறாள். நானோ கடந்த மூன்று வருடமாக அவளுக்கு மாலை போட்டுக் கும்பிட்டிருக்கிறேன்.

லாட்ஜுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, ஈரத் துண்டை எடுத்துக் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தது. சந்தனம் பொருக்காக உதிர்ந்தது, குங்குமம் துண்டில் ஏறியது. டியூப் லைட்டில் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு கீழே போய்ப் பூத்திலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். ஈப்போ வீட்டில் படம் இல்லாத ஆணியில் சந்தன மாலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றாள். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றேன். மறுபுறம் அவள் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

நாலாம் நாள் காலை விலாசத்தை ஆட்டோக்காரரிடம் நீட்டினேன். அவர் வண்டியைக் கிளப்பவே இல்லை. எதிரே கையைக் காட்டினார். நான் மூன்று நாளாக டீ குடித்த அதே சந்து. கடையைத் தாண்டி ஏழாவது வீடு.

லைன் வீடு, வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள். வாசலுக்கு உள்ளே தரையில் ஒரு வெள்ளை பனியன் குவியல். அதன் நடுவே உட்கார்ந்து, கையடக்கக் கத்தரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார் ஒரு வயதான அம்மாள். ஒவ்வொரு பனியனையும் விரித்து, வெளிச்சத்தில் திருப்பி, தொங்கும் நூலை வெட்டி, ஒரு பக்கம் போட்டார். தாடையைப் பார்த்தேன். மச்சம் இல்லை. மீதி எல்லாம் இருந்தது.

ஐம்பது வயதுப் பெண் ஒருவர் உள்ளேயிருந்து வந்து, "ஆருங்க வேணும்?" என்றார். அவர்தான் தங்கமணி. நகலை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கத்தரியைக் கீழே வைத்தார். "மலேயாவுல இருந்தா வாறே கண்ணு?" என்றார்.

"அம்மா," என்றேன்.

"உக்காரு சாமி. முதல்ல உக்காரு." பனியன்களை ஒதுக்கி இடம் செய்தார். "நான் உங்கம்மா இல்ல. உங்கம்மாவுக்குத் தங்கச்சி. செல்லாத்தா எங்கக்கா. உன்னையப் பெத்துப் பதினாறாம் நாளு சன்னி வந்து போயிட்டா. உங்கப்பன் அப்பிடித்தான சொன்னாரு?"

தலையசைத்தேன். அப்பா சொன்ன இரண்டு வாக்கியமும் உண்மை. முந்தின நாள் கிடைத்த அம்மாவை இந்த நாள் இழந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பனியன் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தங்கமணி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சின்னம்மா அவசரப்படவில்லை. நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"பேறுகாலத்துல போனவளுக்கு அப்பெல்லாம் எங்க பக்கம் படம் வெக்கறதில்ல, பொட்டு வெச்சுக் கும்பிடறதுமில்ல. பேரச் சொல்லவே பயப்படுவாங்க. எங்கக்காளுக்கு ஒரு போட்டோவும் கெடையாது. உங்கப்பன் மலேயாவுல இருந்து உன்னையக் கூட்டிட்டுப் போக வந்தப்ப உனக்கு ஒண்ணே முக்கா வயசு. அத்தனை நாளும் நாந்தான் வெச்சிருந்தேன். எனக்குப் பதினேழு வயசு. நாளைக்குப் புள்ளை அம்மா மொகத்தக் கேட்டா நான் எதைக் காட்டுவேன்னு உங்கப்பன் எங்கய்யன்கிட்ட அழுதாரு. தாராபுரத்துப் போட்டோக்காரருதான் ரோசனை சொன்னாரு. சாடையா இருக்கற தங்கச்சிய உக்கார வெய்யுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு. அவரு நெறையப் பேருக்கு அப்பிடிச் செஞ்சு குடுத்தவரு. எங்கக்கா கலியாணச் சீலையக் கட்டிட்டு உக்காந்தேன். அவளுக்கு மச்சம் இருந்துச்சு, எனக்கு இல்ல. அதைய அவரு மையில வெச்சாரு."

"அப்பா பக்கத்தில் நிற்கவில்லையா?"

"எப்பிடி நிப்பாரு? கலியாணம் ஆவாத புள்ளை நான். மாமன் பையனுக்குப் பேசி முடிச்சிருந்துச்சு. அக்கா புருசனோட நின்னு படம் புடிச்சா ஊரு என்ன பேசும்? அவரு வெளிய எங்களைக் கூட்டியாந்த சைக்கிள்காரங்களோட நின்னாரு. நான் எந்திரிச்சு வந்த பொறவு தனியாப் போயி நின்னாரு."

எனக்கு அடுத்த கேள்வி வாயில் வருவதற்குள் அவரே அங்கே வந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அவருகிட்டக் கேட்டேன். இது எங்கக்கா படமா இருக்கட்டும், ஆனா மொகம் என்னுது. வாழப் போற புள்ளை நான். நான் உசுரோட இருக்கற வரைக்கும் இதுக்கு மாலை போடக் கூடாது, பொட்டு வெக்கக் கூடாது, வெளக்கு வெக்கக் கூடாதுன்னு. உன் தலைல கைய வெச்சுச் சத்தியம் பண்ணுனாரு. பண்ணுன சத்தியத்தக் காப்பாத்துனாரா?"

பன்னிரண்டு வயதில் வாங்கிய அறை எனக்கு இப்போதுதான் புரிந்தது. மாலை போட்டது நான், சத்தியம் இருந்ததும் என் தலைமேல்தான். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் அந்த மனிதர் என்னை அடித்திருக்கிறார். காரணத்தைச் சொன்னால் எனக்கு அம்மாவின் முகம் இல்லாமல் போகும், சொல்லாவிட்டால் அவர் கல் நெஞ்சுக்காரர் ஆகவேண்டும். இரண்டாவதைத் தேர்ந்துகொண்டு, அதிலேயே செத்தும் போனார்.

"காப்பாற்றினார், சின்னம்மா," என்றேன். அத்தோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன்.

"நெசப் படத்தக் கொண்டாந்தியா?" என்றார். துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார், பனியனைத் திருப்புகிற அதே மாதிரி. சாய்த்தார், நிமிர்த்தினார். காட்டை விற்றுத் திருப்பூர் வந்த நாளிலிருந்து பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்த கண். "இங்க நெத்தில ஒரு கறை இருக்குதே," என்றார். டியூப் லைட்டில் தெரியாத வட்டம் வெயிலில் தெரிந்தது.

மறைக்க முடியவில்லை. அப்பா போன பிறகு மாலை போட்டதையும், பொட்டு வைத்ததையும், நேற்றுத் துடைத்ததையும் சொன்னேன். தங்கமணி முன்னால் வந்தார்.

"ஏனுங்ணா, உசுரோட இருக்கற ஆளுக்கா மாலை போட்டு வெச்சீங்க? போன வருசம் அம்மா மூணு வாரம் ஆசுபத்திரில கெடந்துச்சு, தெரியுங்களா? டாக்டரு கைய விரிச்சுட்டாரு."

தெரியாமல் செய்தேன் என்பது உண்மைதான், ஆனால் அந்த முகத்துக்கு எதிரே அது சாக்குப் போலத்தான் இருக்கும். மடியில் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ சும்மா இரு புள்ளை," என்றார் சின்னம்மா. பிறகு என்னிடம், "மூணு வருசமும் அம்மான்னு நெனச்சுத்தான வெச்சே?"

"ஆமாம்."

"அப்ப எங்கக்காளுக்குப் போயிருக்கும். எனக்கு வந்திருந்தா நான் ஆசுபத்திரில இருந்து ஊட்டுக்கு வந்திருக்க மாட்டனே." முந்தானையை எச்சிலால் நனைத்துக் கண்ணாடியில் அந்த வட்டத்தை அழுத்தித் தேய்த்தார். போய்விட்டது. "தங்கமணி, குங்குமச் சிமிழ எடுத்துட்டு வா."

தங்கமணி மனமில்லாமல்தான் கொண்டுவந்தார். சின்னம்மா மோதிர விரலில் துளி எடுத்தார். நெற்றியில் வைக்கவில்லை. தாடையோரம், அந்த மச்சத்துக்கு நேராக வைத்தார்.

"அவளுக்கு இத்தனை வருசமா ஆரும் பொட்டு வெச்சதில்ல, நானும் வெக்கல. பயந்துட்டு இருந்துட்டேன். இந்த மொகத்துல அவளுது இந்த மச்சம் மட்டுந்தான் சாமி. இதுக்கு வெய்யி. மத்ததுக்கு நான் போன பொறவு வெய்யி."

மதியம் அரிசிம்பருப்புச் சாதம் போட்டார்கள். மேலே நல்லெண்ணெய் விட்டு, தங்கமணியே பரிமாறினார். இரண்டாம் முறை போடும்போது, "இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்ணா," என்றார். கோபம் முழுக்கப் போயிருக்காது, ஆனால் 'அண்ணா' என்ற அழைப்பு அப்படியே இருந்தது. சின்னம்மா நகலைக் கையிலேயே வைத்திருந்தார். படத்தில் நான் பிடித்திருக்கும் கட்டைவிரலைக் காட்டினார்.

"வெளக்கப் போட்டதும் நீ பயந்து இதைப் புடிச்சுட்டே. திருப்பூர் ரயிலடில வண்டி வந்தப்பவும் இப்பிடித்தான் புடிச்சிருந்தே. உங்கப்பன் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுத்தான் உன்னைய எடுத்துட்டுப் போனாரு." அந்த விரலில் இப்போது கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அதைப் பிடித்துக்கொண்டேன். அவரும் அன்றைக்கு அதற்குப் பிறகு பிசிறு வெட்டவில்லை.

நான் தேடி வந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை. அது எங்கேயும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அம்மாவும் பிள்ளையுமாக உட்கார்ந்திருப்பது பொய் இல்லை என்று தெரிந்தது. ஒன்றே முக்கால் வருடம் என்னை வளர்த்தவள், என்னைப் பறிகொடுப்பதற்கு முன்னால் கடைசியாக மடியில் வைத்திருக்கிறாள். அதில் ஒட்டாக வந்தவர் அப்பா மட்டும்தான். அவரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

ஈப்போ திரும்பியதும் பனியன்களில் பாதி பத்தவில்லை என்று மன்றத்தில் கூச்சல். வயிற்றைக் கையால் காட்டியதில் நான் மரியாதைக்காகக் கொஞ்சம் குறைத்துக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. படம் பழைய ஆணியில் மாலையில்லாமல் இருக்கிறது. அப்பாவின் மாலையைப் புதிதாக மாற்றினேன், நின்று ஒரு கும்பிடும் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சத்துக்கு மட்டும் பொட்டு வைக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், பொட்டு இடம் மாறி விழுந்துவிட்டது என்று எனக்குச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

மாதம் ஒருமுறை திருப்பூருக்குப் போன் செய்கிறேன். தங்கமணி எடுத்து, நலம் விசாரித்து, அம்மாவிடம் கொடுப்பார். சின்னம்மா எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்.

"இன்னும் மாலை போடலியே கண்ணு?"

"போடலைங்க, சின்னம்மா."

"அப்பச் செரி, இருக்கறேன்," என்பார்.